இடைவெளிகள் உட்பட

"விண்ணப்பதாரர் தம் ஆய்வார்வத்தை
ஆயிரத்து ஐந்நூறு எழுத்துகளுக்குள் விளக்குக,
இடைவெளிகள் உட்பட."

மூஞ்சிக்கல்லில் பேக்கரிக்கு மேல்மாடி,
சலேத்மேரியக்காவின் கம்ப்யூட்டர் கடை.
மணிக்கு முப்பது ரூபாய்.
ஜன்னல் வழியே மேகம் ஏறிவந்து
பிரிண்டர் தாள்களை நமத்துப்போக வைக்கிறது.

'சிறுவயது முதலே மண்ணியலில் எனக்கு'
என்று ஆரம்பித்தேன்.
பொய்.
சிறுவயதில் என் ஆர்வமெல்லாம்
கீழே விற்கும் பன் பட்டர் ஜாமும்
மழை விடுமுறையும்தான்.
அழித்தேன்.

'இயற்கை எழில் கொஞ்சும் மலைகளின் இளவரசியில் பிறந்த நான்.'
இது அக்கா சொன்னது.
எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே போடுவாராம்;
நர்சிங்குக்கும் பொருந்தும், கேட்டரிங்குக்கும் பொருந்தும்.
எழில் கொஞ்சியதை நான் பார்த்ததில்லை, அக்கா.
எங்கள் பின்சுவர் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு, ஐப்பசி.
அடுப்புமேடைக்கு மேல்
தலைமுடி கனத்தில் ஒரு கோடு.
அப்பா சிமென்ட் பூசினார்.
சிமென்டும் பிளந்தது.
அம்மா அதன்மேல் மாதா காலண்டரை மாட்டினாள்.
நான் மாதாவைக் கொஞ்சம் நகர்த்தி
ஒரு தீக்குச்சியைச் செருகிப் பார்த்தேன்.
நுழையவில்லை.
கார்த்திகையில் நுழைந்தது.
பக்கத்திலேயே பென்சிலால் தேதி போட்டேன்.
மறு வருடம் இரண்டு குச்சி,
அதற்கடுத்த மழையில் மூன்று.

பதினொன்றாம் வகுப்பில் பேய்மழை.
வத்தலக்குண்டு ரோடு இரண்டு இடத்தில் சரிந்து
நான்கு நாள் பால்வண்டி ஏறவில்லை.
ஐந்து குச்சி கையில் வைத்துக்கொண்டு
காலண்டரைத் தூக்கினேன்.

அதே மூன்று.

நீங்கள் ஆர்வம் என்று கேட்பது
அங்கேதான், ஐயா,
அந்த நாலாவது குச்சி நுழையாத இடத்தில்.

மழையை விட்டுவிட்டு
மேட்டை அண்ணாந்து பார்க்க ஒரு மாதம் ஆனது.
எங்களுக்கு மேலே இருந்த லாட்ஜ்
அண்ணன் தம்பி வழக்கில் பூட்டிக் கிடந்தது.
பதினெட்டு அறைகளின் குளியல் தண்ணீர்
அந்த வருடம் முழுக்க
மண்ணுக்குள் இறங்கவே இல்லை.

வழக்கு முடிந்தது.
மே மாதம், சீசன், மலர்க்கண்காட்சி,
வானத்தில் ஒரு சொட்டு இல்லை.
நாலாவது நுழைந்தது.

இது நிரூபணம் ஆகாது, தெரியும்.
ஒரே சுவர். ஒரே லாட்ஜ்.
தீக்குச்சியின் கனமும்
பெட்டிக்குப் பெட்டி மாறும்;
அதையும் அளந்து வைத்திருக்கிறேன்.
எனக்குத் தெரியாததெல்லாம்
தண்ணீர் கீழே எந்த வழியாக நடக்கிறது,
எங்கே தயங்குகிறது,
எவ்வளவு சேர்ந்தபிறகு ஒரு மேடு
தன் பிடியை விடும் என்பது.
அதைக் கற்றுக்கொள்ள உங்களிடம்
கருவிகள் இருப்பதாகக் கையேட்டில் பார்த்தேன்.

ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு எழுத்து.
திரை சிவக்கிறது.

"லாட்ஜைத் தூக்கிடு பாப்பா" என்கிறார் அக்கா,
குரலைத் தாழ்த்தி.
"இந்தக் கட்டிடமும் அவங்களதுதான்."
யோசித்தேன்.
மாதாவை எடுத்தேன்.
பால்வண்டியை எடுத்தேன்.
அப்பாவின் சிமென்ட்டை எடுக்கும்போது மட்டும்
கை கொஞ்சம் நின்றது.
பதினெட்டு அறைகளும் அப்படியே இருக்கின்றன.

இடைவெளியையும் எண்ணுவார்களாம்.
எண்ணட்டும்.
எட்டு வருடமாக நான் எண்ணுவதும் அதைத்தான்.

சமர்ப்பி.
வட்டம் சுற்றுகிறது. சிக்னல் இந்த மேகத்தில் மெதுவாகத்தான் போகும்.
அக்கா அறுபது ரூபாய்க்குச் சில்லறை தேடுகிறார்.

மேல்மாடியில் யாரோ குளித்து முடித்திருக்க வேண்டும்.
என் முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்,
குழாய் களகளவென்று இறங்குகிறது,
பேக்கரியைத் தாண்டி,
ரோட்டைத் தாண்டி,
அதற்கப்புறம் சத்தம் இல்லை.